குசினிக்கு வைத்த ஜன்னல்

ஏரிக்கரையில் கோடை வீடு கட்டிய அந்த வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு சின்ன விஷயம் தெரியாமல் போய்விட்டது. நம் ஊர் ஏரியில் கோடைக்குத் தண்ணீர் இருக்காது.

மனுஷர் இடம் பார்க்க வந்தது தை மாதத்தில். ஊசுட்டேரி கரை தளும்ப நின்றிருக்கிறது. தூர தேசத்துப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியிருக்கின்றன. நீலத்துணியைக் கப்பலேற்றிச் சம்பாதித்தவர், புதுச்சேரிப் பட்டணத்து வெயிலுக்குப் பயந்தவர், சித்திரை வைகாசியில் குடும்பத்தோடு வந்து காற்று வாங்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். வீடு எழும்பியது. அடுத்த கோடைக்குப் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினால் ஏரியைக் காணோம். வெடித்த சேறும் அதில் மேயும் எருமைகளும்தான் இருந்தன. "அந்த வூட்ட மொதல்ல ஏமாத்துனது மனுஷங்க இல்ல, ஏரிதான்" என்று அங்கே வீட்டு வேலை பார்த்த செல்வாம்பாள் சொல்வாள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

துரை லேசில் விடுகிற ஆள் இல்லை. ஏரி என்னிடம் வராவிட்டால் நான் ஏரியிடம் போகிறேன் என்று வராந்தாவிலிருந்து படி இறக்கினார். அகலமான கருங்கல் படிகள். மழைக்காலத்தில் பாதிப் படி தண்ணீருக்குள் கிடக்கும். கோடையில் கடைசிப் படி வரை இறங்கினாலும் கால் நனையாது.

மற்றபடி வீட்டைக் குறை சொல்ல முடியாது. ஏரியைப் பார்த்த வராந்தாவில் உருண்டைத் தூண்கள். உள்ளே ஆளை விட உயரமான ஜன்னல்கள், அவற்றுக்குச் சாய்வாகப் பலகை அடித்த பச்சைக் கதவுகள். வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகிற கதவுகள் அவை. சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளையும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர்கள். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிப் போட்ட தளம். பிறகு துரையின் வாரிசுகள் கப்பலேறிப் போக, வீட்டை, பிற்பாடு செல்வாம்பாளுக்கு வேலை கொடுத்த விஜயராகவனின் தாத்தா வாங்கினார். அவருக்குத் துரை வீடும் வேண்டும், பூஜையறையும் முற்றமும் இல்லாத வீட்டில் தூக்கமும் வராது. பின்னால் மரத்தூண் நிறுத்தி ஒரு முற்றம் சேர்த்தார். பிரெஞ்சுப் பாதியும் தமிழ்ப் பாதியும் சந்திக்கிற இடத்தில் தரைமட்டம் ஒட்டவில்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒரு தடவை தடுக்கிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

குசினி தனியாக, பெரிய வீட்டுக்குப் பக்கவாட்டில், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சமையலறையைக் குசினி என்றுதான் இன்றைக்கும் இங்கே சொல்கிறோம். ஏரிப் பக்கச் சுவரில் ஒரு கிளிக்கூண்டு அளவுக்குக்கூட ஜன்னல் கிடையாது. வராந்தாவில் உட்கார்ந்து காற்று வாங்குகிற துரை குடும்பத்தின் மூக்கில் புகை ஏறக் கூடாது, கண்ணில் சமையற்காரி படக் கூடாது. தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் சமையற்காரி கதவைத் திறந்து சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தக் குசினியிலும் அதை ஒட்டிய ஒற்றை அறையிலும்தான் செல்வாம்பாள் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினாள்.

அவள் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். நாற்று நட்ட கை. உழவர்கரையில் பலராமனுக்கு வாழ்க்கைப்பட்டாள். பலராமன் மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். மில்லின் சங்கு ஊதுவதை வைத்து உலை வைத்த காலம். ஒருநாள் சங்கு ஊதவில்லை, அப்புறம் ஊதவே இல்லை. கைக்குழந்தையோடு என்ன செய்வதென்று நின்ற நேரத்தில்தான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியிருந்த விஜயராகவன் ஏரி வீட்டுக்கு ஆள் தேடினார். தோட்டத்துக்குப் பலராமன், வீட்டுக்குச் செல்வாம்பாள்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதை மறைக்கவும் மாட்டாள். காலையில் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பச்சைக் கதவுகளைத் திறப்பாள், வெயில் ஏறினால் கிழக்குப் பக்கம் சாத்துவாள், மேற்கே சாய்ந்தால் மேற்குப் பக்கம் சாத்துவாள். வீடு முழுக்க வெயிலோடு கண்ணாமூச்சி. வீட்டுக்காரர்கள் பட்டணத்து வீட்டில் இருக்கும் மாதங்களிலும் ஒருநாள் விடமாட்டாள். "ஆளே இல்லாத வூட்டுக்கு எதுக்கு இந்த ஆட்டம்?" என்று பலராமன் கேலி செய்வார். "வூடு மூச்சு வுட வேணாமா?" என்பாள்.

கோடைக்கு விஜயராகவன் குடும்பத்தோடு வருவார். அவர் மகன் கோபிநாத் அப்போது பள்ளிக்கூடப் பையன். தாயில்லாப் பிள்ளை. வந்த முதல் வாரத்திலேயே செல்வாம்பாளை "அத்தை" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். யாரும் சொல்லிக்கொடுத்துக் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பெரிய மேஜையில் பொம்மை மாதிரி உட்கார்ந்துவிட்டு, பிறகு குசினிக்கு ஓடிவந்து தரையில் சம்மணம் போட்டு இன்னொரு தடவை சாப்பிடுவான். பால் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நீட்டுவான். "சக்கர கம்மியா இருக்கு அத்தை." எவ்வளவு போட்டாலும் அதே பேச்சுதான். அவள் திட்டிக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி போடுவாள். அவளுடைய சொந்த மகள் செந்தமிழ்ச்செல்வி, "எனக்கு மட்டும் அளந்து போடற" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அவன் பிரான்சுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையும் குடும்பமும் ஆன பிறகும் வக்கான்ஸுக்கு, அதாவது லீவுக்கு, வருவான். காரிலிருந்து இறங்கியதும் நேரே குசினிக்குத்தான் வருவான்.

விஜயராகவன் கடைசிக் காலத்தில் ஏரி வீட்டோடேயே தங்கிவிட்டார். அவர் கண்ணை மூடுவதற்கு முந்திய கோடை. வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். எதிரே வறண்ட ஏரி. பக்கத்தில் கோபிநாத் நின்றிருந்தான். செல்வாம்பாள் கஞ்சி கொண்டுவந்தாள்.

"செல்வாம்பா, குசினிக்கட்டு ஒனக்குதான். ஒன் காலம் முடியற வரைக்கும் ஒன்ன யாரும் கெளப்பக் கூடாது. இதுக்கு இவன்தான் சாட்சி."

"உய், பப்பா" என்று பிரெஞ்சிலேயே ஆமாம் போட்டான் கோபிநாத். "அத்தைய யாரு கெளப்பறது?"

அன்று ராத்திரி பலராமன் மெதுவாக, "எழுதிக் குடுக்கச் சொல்லலாமே" என்றார். அவ்வளவுதான். செல்வாம்பாளுக்கு வந்ததே கோபம். "அந்த மனுஷன் வாய்க்கு மேல ஒரு எழுத்தா? அந்தப் புள்ள மூஞ்சிய பாத்துட்டு எப்பிடி கேக்கறதாம்?" பலராமன் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாவம், அவர் சொன்னதை அன்றைக்குக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

இந்த வருஷம் பங்குனியில் கோபிநாத் வந்தான். கூடவே கொத்தனார் கூட்டமும் வந்தது. வீட்டைப் பழையபடி ஆக்கப்போகிறேன் என்றான். செல்வாம்பாளை வராந்தாவில் உட்கார வைத்துப் போனை நீட்டி, வீட்டுக் கதையைச் சொல்லுங்கள் என்றான். அவளும் துரை ஏமாந்ததில் ஆரம்பித்து, முற்றம் வந்த கதை, ஜன்னல் இல்லாத குசினி வரை ஒன்று விடாமல் சொன்னாள். இவ்வளவு ஆசையாக யாரும் தன்னைப் பேசச் சொன்னதில்லை என்று அன்றைக்கு அவளுக்கு ஒரே பூரிப்பு.

"மொதல்ல குசினிக்கட்ட எடுத்துக்கலாம் அத்தை" என்றான். "நீங்க எப்பிடிச் சொல்றீங்களோ அப்பிடி. எந்தப் பக்கம் என்னா வெக்கலாம்?"

செல்வாம்பாள் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷமும் யோசித்து வைத்திருந்ததுதான். "ஏரிப் பக்கம் ஒரு ஜன்னல் வெய்யிப்பா. உக்காந்து வெங்காயம் உரிக்கறப்ப தண்ணி தெரிஞ்சா போதும்."

"வெச்சிடலாம்."

வேலை நடக்க இடம் வேண்டுமே என்று பாத்திரம் பண்டத்தை எல்லாம் அவளே மூட்டை கட்டினாள். தோட்டத்து மூலையில் பழைய படகு நிறுத்துகிற கொட்டகை இருந்தது. அங்கே ரெண்டு மாதம் பலராமனோடு ஓலைக்குக் கீழே படுத்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. தன் கையாலேயே அறையைக் காலி செய்து, பெருக்கி, சாவியைக் கொத்தனாரிடம் கொடுத்தாள். பிற்பாடு இதை நினைத்து நினைத்துத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

சுவரை உடைத்த அன்று வேடிக்கை பார்க்கப் போனாள். முட்டை வெள்ளைச் சுவர் லேசில் விழவில்லை. விழுந்ததும் அந்த ஓட்டை வழியே வெளிச்சம் பாய்ந்து, புகையேறிக் கறுத்த கூரையெல்லாம் தெரிந்தது. ஏரியில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தாலும் நடுவில் ஒரு வெள்ளிக் கோடு மிச்சம் இருந்தது. செல்வாம்பாள் அழுதுவிட்டாள். கொத்தனார் பயந்துபோய்க் கல் கில் பட்டுவிட்டதா என்று கேட்டார்.

பச்சைக் கதவு போட்ட பெரிய ஜன்னல் வந்தது. தரைக்குப் புது ஓடு, குழாய் வைத்த குளியலறை. வைகாசி பிறந்ததும் கோபிநாத் சொன்னான்: "வர்ற வெள்ளிக்கெழம காலைல குசினில பால் காய்ச்சணும் அத்தை. நீங்கதான் எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணணும்."

புதுசாக்கிய இடத்துக்குக் குடிபோகிறவர்கள் பால் காய்ச்சாமல் போக மாட்டார்கள். வாடகை வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். செல்வாம்பாள் வேறு என்ன நினைப்பாள்? மூலக்குளத்தில் இருந்த அண்ணன் ஆதிமூலத்துக்குப் போன் போட்டாள். "அண்ணா, என் வூட்டுக்குப் பால் காய்ச்சறோம். அண்ணியோட வந்துடு." தவளக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகளுக்கும் சொன்னாள். கோபிநாத் தம்பி பிடிவாதமாக ஜன்னல் வைத்துக் கொடுத்தான் என்று எல்லாரிடமும் சொன்னாள். புதுப் பித்தளைப் பானை வாங்கினாள்.

"ஒனக்குன்னு அவன் வாய வுட்டுச் சொன்னானா?" என்று பலராமன் கேட்டார்.

"எனக்கில்லாம பின்ன யாருக்கு? நல்ல நாளும் அதுவுமா வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள். "பால் பொங்கனதும் மொத டம்ளர் தம்பிக்குதான். நீங்க பொறவு குடிங்க."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டாள். குசினியில் மூன்று புதுச் செங்கல்லை அடுப்பாகக் கூட்டி மஞ்சள் குங்குமம் வைத்தாள். ஆதிமூலம் குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. சும்மா வரவில்லை. தங்கைக்கு முதன்முதலாக ஒரு வீடு என்று தாய்வீட்டுச் சீர் கொண்டு வந்திருந்தார் மனுஷர். அண்ணி லட்சுமி கையில் குத்துவிளக்கு, மற்ற தட்டுகளில் பழம், மஞ்சள், குடம், அரக்கு நிறத்தில் ஒரு புடவை. செந்தமிழ்ச்செல்வி பசும்பால் வாங்கிக்கொண்டு வந்தாள்.

சீர்த்தட்டோடு எல்லாரும் குசினி வாசலில் நின்றபோதுதான் அந்தக் கார் வந்தது. முன்னால் கோபிநாத் இறங்கினான். பின்னாலிருந்து பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணியும் அவள் கணவரும் இறங்கினார்கள். அவள் கையிலும் ஒரு பால் பானை இருந்தது, வெள்ளியில்.

அந்தம்மாள் நல்ல மாதிரிதான். செல்வாம்பாளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "செல்வாம்பாள் அம்மா நீங்கதானே? சார் போன்ல நீங்க பேசினத போட்டுக் காட்டினாரு. என் பேரு சுமலதா." தட்டுகளைப் பார்த்துக் கண் விரிந்தது. "ஐயோ, எங்களுக்காகவா இவ்வளவு ஏற்பாடு!"

ஆதிமூலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க யாரும்மா?" என்றார்.

"இந்த வீட்டை நாங்கதான் வாங்கியிருக்கோம். வெளியூர்க்காரங்க வந்து தங்கற மாதிரி பண்ணப்போறோம்." சுமலதா குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். "இந்த ஜன்னலை வைக்கச் சொன்னதே நீங்கதானாமே? இதப் பாத்துட்டுத்தான் நாங்க சரின்னே சொன்னோம். இந்த ரூமைத்தான் எல்லாரும் கேப்பாங்க பாருங்க."

லட்சுமி கையிலிருந்த விளக்கை என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். செல்வாம்பாள் யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் முன்னால், அண்ணி முன்னால், பெற்ற மகள் முன்னால் நிற்க முடியாத அவமானமாக இருந்தது. நேரே கோபிநாத்திடம் போனாள். அவன் அவளை மாமரத்தடிக்கு ஒதுக்கிக் கூட்டிப்போனான்.

"நேத்தே சொல்லிடலாம்னுதான் இருந்தேன் அத்தை. நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எனக்கு வாய் வரல."

"ஐயா ஒன்ன சாட்சி வெச்சிச் சொன்னாரேப்பா."

"பப்பா அப்ப ஒடம்பு முடியாம இருந்தாரு. அவரு மனசு நோவக் கூடாதுன்னு தலையாட்டினேன்."

"எந்தப் பக்கம் ஜன்னல் வேணும்னு எங்கிட்ட கேட்டியே. அது யாரு மனசு நோவக் கூடாதுன்னு?"

"உங்களுக்குத்தான அத்தை இந்த எடம் நல்லாத் தெரியும்" என்றான். கொஞ்சமும் கூசாமல் சொன்னான். உண்மையிலேயே அவனுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. "மேடம்கிட்ட சொல்லியிருக்கேன். காலைல வந்துட்டு சாயந்தரம் போற மாதிரி உங்களுக்கு வேலை குடுப்பாங்க. ராத்திரிதான் தங்க முடியாது."

எதிரி செய்திருந்தால் செல்வாம்பாள் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பாள். இவன் அவள் சோற்றைத் தின்று வளர்ந்தவன்.

"அம்மா, நீங்களே அடுப்பைப் பத்த வைங்க. கைராசிக்காரங்கன்னு சார் சொன்னாரு" என்று குசினி வாசலிலிருந்து சுமலதா கூப்பிட்டாள்.

செல்வாம்பாள் திரும்பி வந்தாள். "பத்த வெக்க மாட்டேன் தாயி" என்றாள். குரல் எல்லாருக்கும் கேட்டது. "பால் பொங்க வெக்கற கை மனசார வாழ்த்தணும். எனக்கு அந்த மனசு இப்ப இல்ல. ஒம்மேல கோவம் இல்ல. நீ நல்லா இரு."

உள்ளே போய், கூட்டி வைத்த மூன்று செங்கல்லையும் மஞ்சள் குங்குமத்தோடு எடுத்து முந்தானையில் கட்டினாள். புதுப் பானையை மகள் கையில் கொடுத்தாள். பெரிய வீட்டின் வராந்தா வழியாக நடந்து துரை கட்டிய படியில் இறங்கினாள். கடைசிப் படியையும் தாண்டி ஏரிக்குள்ளேயே இறங்கினாள். வைகாசி வெயிலில் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆதிமூலமும் லட்சுமியும் சீர்த்தட்டுகளோடும், மகள் பாலும் பானையுமாகவும் பின்னாலேயே இறங்கினார்கள். பலராமன் காய்ந்த கருவேல முள் பொறுக்கிக்கொண்டு வந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

புது ஜன்னலுக்கு நேர் எதிரே, எவர் பேரிலும் இல்லாத அந்தத் தரையில், செல்வாம்பாள் அடுப்புக் கூட்டினாள். காற்று அடித்ததால் நெருப்பு நாலைந்து தடவை அணைந்தது. ஆதிமூலம் துண்டை விரித்து மறைத்து நின்றார். பால் பொங்கியபோது யாரும் குரல் கொடுக்கவில்லை. லட்சுமி மட்டும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

முதல் டம்ளரை ஊற்றி ஆற்றினாள் செல்வாம்பாள்.

"யாருக்கும்மா?" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

"யாருக்குன்னு நேந்துகினேனோ அவனுக்கு."

"ஒனக்கு என்னா பைத்தியமா?"

அவள் கேட்கவில்லை. தானே டம்ளரை எடுத்துக்கொண்டு படியேறினாள். அவனால் குடிக்க முடியாது என்று அவளுக்கு நிச்சயமாக இருந்தது. டம்ளரைப் பார்த்ததும் ஒரு சொட்டாவது கண்ணில் வரும், அத்தை என்று ஒரு வார்த்தை வரும். வீடு போனாலும் போகட்டும், அது போதும். அதற்காகத்தான் ஏறினாள்.

கோபிநாத் வராந்தாவில் தூணருகே நின்று சுமலதாவின் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தான். டம்ளரை நீட்டியதும் முகம் மலர்ந்துபோயிற்று. அத்தைக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துவிட்டான். "மெர்சி அத்தை" என்று நன்றி சொல்லி வாங்கினான். ஒரு வாய் குடித்தான். பழையபடி டம்ளரை அவள் பக்கம் நீட்டினான்.

"சக்கர கம்மியா இருக்கு அத்தை."

செல்வாம்பாள் டம்ளரை வாங்கிக்கொண்டு, முப்பது வருஷப் பழக்கத்தில், சர்க்கரை எடுக்கக் குசினியைப் பார்த்து நடந்தாள். வாசலுக்குப் போன பிறகுதான், உள்ளே அவர்கள் புதிதாகக் கூட்டிய அடுப்பில் சுமலதாவின் வெள்ளிப் பானை பொங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.